எந்த நோட்டுலயும் ஒட்டாத போட்டோ

உக்காருங்கம்மிணி, தாராளமா உக்காருங்க. அந்தப் பையக் கீழ வைக்காதீங்க, எவனோ தண்ணியக் கொட்டிப்போட்டுப் போயிருக்கான். எங்கிட்டக் குடுங்க, சன்னலோரமா நான் வெச்சுக்கறேன். எங்க போறீங்க? காந்திபுரமா? நான் அன்னூருங்க. அன்னூரு வர்ற வரைக்கும் உங்களுக்குத் தூக்கம் வராது, அதுக்கு நான் கேரண்டி.

எம்பேரு வசந்தாமணிங்க. சத்தி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மாடியில, சுபமங்களா திருமணத் தகவல் மையம்னு ஒரு போர்டு பாத்திருப்பீங்க. பாத்ததில்லையா? அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு அர்த்தம். ஆகாதவங்க கண்ணுக்கும், ஆகாத புள்ளைங்களப் பெத்தவங்க கண்ணுக்கும் மட்டுந்தானுங்க அந்தப் போர்டு தெரியும்.

அதா பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல ஒரு நீலச் சட்டை. இப்பத் திரும்பிப் பாத்தாரே, அவருதான். தெய்வசிகாமணின்னு பேரு. எங்க மாடிக்கு நேர் கீழ செல்போன் கடை வெச்சிருக்காரு. நாப்பத்தொம்பது வயசாச்சு, இன்னும் ஒண்டிக்கட்டை. இன்னிக்கு அன்னூருல ஒரு எடத்துக்கு இவரப் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போறேன். இந்தச் சம்பந்தம் முடிஞ்சாத்தான் எந்தொழிலு நிக்கும். முடியலீன்னா நாளைக்கே அந்தப் போர்டக் கழட்டி வெந்நீரடுப்புக்கு வெச்சற வேண்டியதுதான். சிரிச்சுட்டே சொல்றேனேன்னு பாக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். அத்தனையும் ஒரே ஒரு போட்டோ பண்ணுன வேலைங்க.

ஆடி மாசமிருக்குதே, அது எங்க தொழிலுக்கு ஈயோட்டற மாசம். ஒருத்தரும் ஜாதகம் கையில எடுக்க மாட்டாங்க. சும்மா உக்காந்துட்டு இருந்தனா, அன்னைக்குன்னு பாத்து என் போனு, எடமே இல்ல, இனி ஒரு போட்டோ கூட ஏத்த முடியாதுன்னு சொல்லிருச்சு. எடுத்துட்டுக் கீழ ஓடுனேன். சிகாமணி வாங்கிப் பாத்துப்போட்டுத் தலையில கைய வெச்சுட்டாருங்க.

என்னன்னா, தை மாசமே அவரு என் போன்ல ஒரு நோட்ஸ் ஆப்பு போட்டுக் குடுத்திருந்தாரு. ஒரு ஆளுக்கு ஒரு நோட்டு. அதுல பேரு, ஊரு, படிப்பு, என்ன மாதிரி எடம் வேணும், எல்லாம் எழுதிக்கலாம். போட்டோ, ஜாதகம், அந்தம்மாக்காரி மூச்சு விடாம அனுப்பற வாய்ஸ் மெசேஜ், எல்லாத்தையும் அந்த நோட்டுலயே ஒட்டி வெச்சுக்கலாம். அட்டாச்மெண்டுன்னு அதுக்குப் பேரு. எனக்கு அந்த வார்த்தையே புடிச்சுப்போச்சுங்க. எந்தொழிலே அதுதான! ஒட்டி வெக்கறது.

நல்ல ஏற்பாடுதான். ஆனா நான் வர்றத எல்லாம் ஒட்டிட்டேன். ஒரு அப்பா தெனமும் காலையில அதே பொண்ணோட அதே போட்டோவ அனுப்புவாரு, மறந்துடுவேன்னு பயம். நானும் தெனமும் ஒட்டுவேன். நடுவுல வணக்கம் சொல்ற ரோசாப்பூ, கேஸ் பில்லு, தம்பி பொண்டாட்டி அனுப்புன ரவிக்கை டிசைன், எல்லாம் உள்ள போய் உக்காந்துக்கிச்சு.

“ஏனுங்க, ஆடி முடியறதுக்குள்ள இத ஒழுங்கு பண்ணிப்போடலாங்களா?” அப்படின்னாரு. ஊரே என்னய அக்காங்குது. அறுவது வயசுக் கெழவனெல்லாம் அக்காங்கறான். இந்த மனுசன் மட்டும் ஏனுங்க, ஏனுங்கன்னுதான் கூப்புடுவாரு. மட்டு மரியாதையா ஒரு தடவை அக்கான்னு சொன்னதில்ல. நான் அதையெல்லாம் பெருசா எடுத்துக்கறதில்லீங்க, தொழில் தெரிஞ்ச ஆளு, விட்டுடறது.

அப்பறமென்ன, சாயங்காலமானா கடைப் பையன்கிட்டக் கடைய விட்டுப்போட்டு மாடிக்கு வந்துருவாரு. கையில ரெண்டு டீ. வெளிய ஆடிக் காத்து சன்னலப் போட்டு அடிக்கும். நாங்க ரெண்டு பேரும் ஒரே போன வெச்சுட்டு உக்காந்து அழிப்போம். அழிக்கறதுல இருக்கற சொகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்றது அம்மிணி! ரோசாப்பூவத் தட்டுனா ரோசாப்பூ போச்சு. ரவிக்கை டிசைன் போச்சு. கொஞ்சம் எடம் காலியாயிருச்சுன்னு அது சொல்லும்போது, ஏதோ எந்தலையிலிருந்தே மூட்டைய எறக்கி வெச்ச மாதிரி இருக்கும். நான் கை தட்டிச் சிரிப்பேன். அவரு சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டாரு, மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடைப்பாரு. அந்த ஆடி போனதே எனக்குத் தெரியலீங்க. வருசமெல்லாம் ஆடியா இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. கல்யாணத் தரகு பண்றவ இப்படி நெனைச்சா வெளங்குமா சொல்லுங்க?

சண்டையும் வருமுங்க. பேரு வெக்கறதுல பெரிய சண்டை. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஊரு, பேரு, வருசம்னு போடணுங்கறாரு அவரு. ஊரும் வருசமும் போட்டா எனக்கு யாருன்னு எப்படித் தெரியும்? நான் எனக்குத் தெரியற மாதிரி வெச்சேன். ‘மூக்குத்திப் பொண்ணு’. ‘அப்பன் சண்டைக்காரன்’. ‘வழுக்கை ஆனா நல்லவன்’. இதுல என்னங்க தப்பு? தப்பு எப்பத் தெரிஞ்சுச்சுன்னா, அந்த ஜாதகத்தப் பொண்ணு வீட்டுக்கு அனுப்புனா பேரும் கூடவே போகுதுங்க! எனக்கென்ன தெரியும்? அந்த வழுக்கைக்காரரு நேரா வந்து நின்னுட்டாரு. நான் அசரலியே. “ஏனுங்க, கூடவே நல்லவன்னும் போட்டிருக்கறன், அதப் படிச்சீங்களா?”ன்னேன். அந்தாளு படியெறங்கிப் போயிட்டாரு.

அப்பறம் இந்த டூப்ளிகேட்டு. ஒரே மாதிரி இருக்கற போட்டோவ எல்லாம் அதுவே பொறுக்கி எடுத்துக் காட்டும், ஒண்ண வெச்சுட்டு மத்தத அழிச்சுக்கலாம். நானும் வெசயா அழிச்சுட்டே போனேன். புளியம்பட்டியில ஒரு ரெட்டைப் பசங்க இருந்திருக்காங்க. தம்பிய அழிச்சுப்போட்டேன். “எம் பெரியவனுக்கு மட்டும் வரன் வருது, சின்னவனுக்கு ஒண்ணுமே வரலியேக்கா”ன்னு அவிங்கம்மா போன்ல அழுவறாங்க. எதுக்கு அழுவணும்? மூத்தவனுக்கு முடிச்சுட்டுத்தான் எளையவனுக்குன்னு எடுத்துச் சொன்னேன். சமாதானமாயிட்டாங்க.

அட, புளியம்பட்டியே வந்துருச்சு பாருங்க. வண்டி இங்க சித்த நேரம் நிக்கும். எங்க விட்டேன்? ஆங், நோட்டு.

போட்டோவெல்லாம் கொறைச்சாச்சு, அடுத்தது நோட்டுன்னு ஒரு நாள் மத்தியானம் நானே உக்காந்தேன். அவரு கடையில இருந்தாரு. எந்த நோட்டுல போன் நம்பர் இல்லியோ அத எல்லாம் அழிச்சுப்போட்டேன். உள்ள என்ன இருக்குதுன்னு கூடப் பாக்கல. எதுக்குப் பாக்கணும்? நம்பர் இல்லாத வரன வெச்சுட்டு நான் என்ன பண்றது, வாசல்ல நின்னு கூவறதா? எல்லாத்தையும் தாட்டி விட்டுப்போட்டேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க.

சாயங்காலம் டீயோட வந்தாரு. விசயத்தச் சொன்னேன். “எல்லாத்தையுமா அழிச்சீங்க?”ன்னு கேட்டாருங்க. மொகமே ஒரு மாதிரி ஆயிருச்சு. டீயக் குடிக்காம கையிலயே வெச்சுட்டு இருந்தாரு. ஏதோ கடையில பிரச்சனை போலன்னு நெனைச்சுட்டேன். அப்பறமேட்டுக்குத்தான் வெளக்கினாரு, நோட்ட அழிச்சா அதுல ஒட்டியிருந்த போட்டோ அழியாதாமா. “மண்டபத்துல பந்திச் சீட்டக் கிழிச்சுப்போட்டா வந்த ஆளு காணாமப் போயிருவாருங்களா? எங்க உக்கார்றதுன்னு தெரியாம உள்ளயேதான சுத்திட்டு இருப்பாரு, அது மாதிரி”ன்னாரு. எந்த நோட்டுலயும் ஒட்டாத போட்டோன்னு தனியா ஒரு எடம் இருக்குதுங்க. அதத் தொறந்து காட்டிட்டு, “இதுல இருக்கறது எல்லாம் தேவையில்லாதது, பாத்துட்டு அழிச்சுருங்க”ன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சுட்டாரு. போறப்ப வாசல்ல நின்னு, “அழிக்கறதுக்கு முன்னால ஒவ்வொண்ணயும் நல்லாப் பாருங்க”ன்னாரு. அவ்வளவு கவனம் தொழில்ல!

நான் பாத்தேன். பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு அம்மிணி, சத்தியமாச் சொல்றேன். வரிசையா மொகங்க. யாருக்குமே இல்லாம, எதோடயும் சேராம, கேமராவப் பாத்துச் சிரிச்சுட்டு உக்காந்திருக்குதுங்க. சட்டைய இஸ்திரி போட்டு, தலைய வாரி, யாரோ ஒருத்தர் பாப்பாங்கன்னு நம்பி எடுத்த போட்டோவுங்க. அதப் போயி அழிக்கச் சொன்னா யாருக்குக் கை வரும்? வேற யாராச்சும் அழிப்பாங்களா இருக்கும். என்னால முடியாதுங்க. ஒண்டியா இருக்கறதப் பாத்தா எனக்குப் பொறுக்காது.

சரி, இந்தப் பக்கம் போட்டோ இருக்குது, நோட்டு இல்ல. அந்தப் பக்கம் பாத்தா நோட்டு இருக்குது, போட்டோ இல்ல. கொஞ்சம் பேரு போட்டோ குடுக்க மாட்டாங்க, வெக்கம், இல்லாட்டி வயசு. நீங்களே சொல்லுங்க. இங்க ஒரு வரிசை, அங்க ஒரு வரிசை, நடுவுல நான். எங்கையி சும்மா இருக்குமா?

ஒட்டிட்டேன். ராவா பகலான்னு தெரியாம ஒட்டுனேன். குருட்டாம்போக்குல இல்லீங்க, மொகத்தப் பாத்துத்தான். மொகத்தப் பாத்தே நான் ஊரு சொல்லிப்போடுவேன், தொழிலு சொல்லிப்போடுவேன். ஒரு தடவை பாத்த மொகம் எனக்கு மறக்கவே மறக்காது. பேங்க்கு வேலைன்னா ஒரு களை, மில்லு வேலைன்னா ஒரு களை. கோழிப்பண்ணைக்காரருக்குன்னு ஒரு தைரியம் இருக்குமுங்க. ஒரு பொண்ணு நோட்டுக்கு மட்டும் போட்டோவே மிஞ்சல, அழிக்காம விட்டுப்போன கேஸ் பில்லு ஒண்ணு இருந்துச்சு, அத ஒட்டி வெச்சேன். மாப்பிள்ளை வீட்டுல அதப் பாத்துப்போட்டு, பொண்ணு செக்கனமான பொண்ணுன்னு ஒரே சந்தோசம். ஆவணியில நிச்சயம் ஆயிருச்சு.

யாருங்க கூப்புடறது? ஓ, இவருதான். சன்னலுக்கு அந்தப் பக்கம் நிக்கறாரு பாருங்க. என்னங்க இது? கடலையா? எதுக்குங்க ரெண்டு பொட்டலம்? இந்தாங்கம்மிணி, ஒண்ணு உங்களுக்காமா. வாங்கிக்குங்க. வறுத்த கடலைன்னா எனக்கு உசுருன்னு எப்படியோ தெரிஞ்சு வெச்சிருக்காரு. பாருங்க, நெத்தியெல்லாம் வேர்த்திருக்குது. பொண்ணு பாக்கப் போற பயம். சீட்டுல போயி உக்காந்தும் மறுக்கா திரும்பித் திரும்பிப் பாக்கறாரு. நான் எறங்கி ஓடிப்போயிடுவேன்னு நெனைச்சுட்டாரு போல.

நீங்க என்னத்துக்கு இப்பச் சிரிச்சீங்க? சரி, கேளுங்க.

நாச்சிமுத்துன்னு ஒரு கோழிப்பண்ணைக்காரரு, போட்டோ குடுக்காதவரு. அவரு நோட்டுக்கு நான் ஒரு போட்டோ பொருத்தமா ஒட்டியிருந்தேன். பழைய போட்டோ. மலைப்பாதையில ஒரு ஸ்கூட்டரச் சாய்ச்சு நிறுத்திட்டு, காத்துல முடி பறக்க, வாய் நெறையச் சிரிச்சுட்டு நிக்கறான் ஒரு பையன். அத்தனை போட்டோவுலயும் அந்த ஒண்ணத்தான் நான் ரொம்ப நேரம் பாத்தேன். இவனுக்கு எப்படிக் கல்யாணம் ஆகாமப் போச்சுன்னு எனக்கு ஆறவே இல்ல. யாரையோ பாத்துச் சிரிக்கற மாதிரி இருக்குமுங்க அந்தச் சிரிப்பு.

ஆவணி பொறந்துச்சு. போன் அடிக்குது, அடிக்குது, நிக்கவே இல்ல. அன்னூருல ஆறுச்சாமின்னு ஒரு பெரிய மனுசன். மக கோகிலவாணி, சொசைட்டியில வேலை, முப்பத்தெட்டு முடியப் போவுது. இது வரைக்கும் எந்த மாப்பிள்ளையையும் புடிக்கலீன்னு சொன்ன புள்ள, இந்த நோட்டப் பாத்துட்டு, “இது நல்லாருக்குதே”ன்னு சொல்லிருச்சாமா. அப்பனுக்குத் தலைகால் புரியல. ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாத்தையும் ஒட்டுக்கா வண்டியில ஏத்திட்டுக் கோழிப்பண்ணைக்கே போயிட்டாரு. அங்க நாச்சிமுத்து கதவத் தொறந்தா, அந்தாளு ரெண்டு ஆளு அகலம், ஸ்கூட்டரும் இல்ல, சிரிப்பும் இல்ல. “போட்டோவுல இருக்கற பையன் எங்க?”ன்னு இவங்க கேக்க, “எந்தப் பையன்?”னு அவரு கேக்க, கோழியெல்லாம் கத்த, ஒரே ரகளை.

நேரா எங்க கடைக்கு வந்துட்டாருங்க ஆறுச்சாமி. கீழ சிகாமணி கடையில நின்னு, “மேல அந்தம்மா இருக்குதா?”ன்னு போன நீட்டிட்டே கேட்டிருக்காரு. கேட்டவரு போனப் பாக்கறாரு, சிகாமணியப் பாக்கறாரு. மறுபடி போனப் பாக்கறாரு. அப்பறம் இவரு மூக்குக்கண்ணாடியப் புடுங்கிட்டுப் பாத்தாராமா! கையப் புடிச்சுத் தரதரன்னு மாடிக்கு இழுத்துட்டு வந்து எம் முன்னால நிறுத்தி, “இவன்தான்! இவனேதான்!”ங்கறாரு.

எனக்கு நம்பவே முடியல. முடி போச்சு, கண்ணாடி வந்துச்சு, அதுக்கோசரம் மொகம் மாறிருமா? நான் தெனமும் பாக்கற மொகமுங்க அது. ஆனா அந்த வாயி, ஆமா, அதேதான். “ஏனுங்க, உங்க போட்டோ எப்படி என் போன்ல வந்துச்சு?”ன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுட்டு, “படம் சரியா ஏறுதான்னு பாக்கறதுக்கு டெஸ்டிங் போட்டதுங்க”ன்னாரு. டெஸ்டிங்குக்குச் சின்ன வயசுப் போட்டோவா போடுவாங்கன்னு நெனைச்சேன். அப்பறம், சரி, எல்லாரும் அப்படித்தான போடறாங்க. நல்லா இருந்தப்ப எடுத்த போட்டோவத்தான் குடுக்கணும்னு வர்றவங்ககிட்ட எல்லாம் நானேதான் சொல்றேன், கேட்டுட்டே இருந்திருப்பாரு.

ஆறுச்சாமி விடலீங்க. ஜனத்துக்கு முன்னால மானம் போச்சு, போட்டோவுல இருக்கற ஆளு வந்தே ஆகணும்னுட்டாரு. வயசு கேட்டாரு, கடை சொந்தமான்னு கேட்டாரு, தலைய ஆட்டிக்கிட்டாரு. “வர்ற ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா. இல்லாட்டி இது தகவல் மையமில்ல, தில்லுமுல்லு மையம்னு இருக்கற குரூப்புல எல்லாம் போட்டுருவேன்”னாரு. அந்தாளு போட்டா அத்தோட முடிஞ்சுதுங்க. எங்க தொழிலுக்குப் பேருதான மொதலு.

அந்தப் புள்ள கோகிலவாணி தனியாக் கூப்புட்டுப் பேசுச்சு. “அக்கா, எனக்கு ஒரு அவசரமும் இல்லீங்க்கா. எங்கப்பாருக்குத்தான் ரோசம். நல்லாருக்குதுன்னு நான் சொன்னது அந்த ஸ்கூட்டர”ன்னுச்சு. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே புண்ணாயிருச்சு. நல்ல புள்ளைங்க. இவருக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும்.

ஆனா இவரு மசியோணுமே! வயசாயிருச்சுங்கறாரு. முட்டி வலிங்கறாரு. ஞாயித்துக்கெழம ஸ்டாக்கு வருதுங்கறாரு. நான் விடுவனா? வாரம் பூரா கீழ போயி நின்னு பேசுனேன். இந்த வயசுல ஒரு தொணை வேண்டாமா, சாயங்காலமானா கூட உக்காந்து ஒரு டீ குடிக்க, சிரிக்க, சண்டை போட ஒரு ஆளு வேண்டாமான்னு கேட்டேன். எம் மொகத்தவே பாத்துட்டு இருந்தாரு. அப்பறம், “நீங்க போகச் சொல்றீங்களா?”ன்னாரு. ஆமான்னேன். “நீங்க சொன்னாப் போறனுங்க”ன்னு சொல்லிப்போட்டு, நட்டநடு மத்தியானத்துல ஷட்டர எறக்கிட்டுப் போயிட்டாரு. அன்னையிலிருந்து டீ வர்றதில்ல. வேணுமின்னா நானே வாங்கிக் குடிச்சுக்குவேன், அதுவா பெருசு? ஆனாப் பாருங்க, அது டீ மாதிரியே இல்லீங்க.

இந்தச் சட்டை கூட நான் எடுத்துக் குடுத்ததுதான். நீலம் எடுப்பா இருக்குமுன்னு நாலு கடை ஏறி எறங்குனேன். நல்லாருக்குதில்ல? நல்லாத்தான் இருக்குது. அந்தப் புள்ளைக்குப் புடிச்சுப்போகும். இன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்னு ஆறுச்சாமி சொன்னாலும் சொல்லுவாரு. எனக்கு ஒரே சந்தோசம். காலையில வெச்ச இட்லிய அப்படியே மூடி வெச்சுட்டு வந்துட்டேன், அதெல்லாம் சந்தோசத்துலதான். எத்தனை கல்யாணம் முடிச்சிருக்கேன், ஒரு தடவை கூட இப்படி இருந்ததில்லீங்க.

எனக்கா? எனக்கு ஆகலீங்க. அப்பா போனப்பத் தம்பிங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம். அவங்களப் படிக்க வெச்சு, பொண்ணப் பாத்து முடிச்சு நிமுந்தப்ப எனக்குப் பாக்கறதுக்கு ஆளில்ல. அதே பழக்கத்துல ஊருக்கெல்லாம் பாக்க ஆரம்பிச்சுட்டேன். நாப்பத்தாறு ஆயிருச்சு. அத விடுங்க, அது பழைய கதை, நம்ம கதைக்கு அது வேண்டாம்.

என்ன கேட்டீங்க?

இல்ல, சரியாக் காதுல விழல, மறுபடி சொல்லுங்க. ஆமா, எதுலயும் ஒட்டாத போட்டோ. ஆமா, நோட்ட அழிச்சாத்தான் போட்டோ தனியா வரும். சரிதான், அப்ப அதுக்கு முன்னால அது ஒரு நோட்டுல இருந்திருக்கணும். டெஸ்டிங் நோட்டா இருக்குமுங்க. வெறும் நோட்டு.

இல்லீங்களே. வெறும் போட்டோவ டெஸ்டிங் பண்றதுக்கு நோட்டு எதுக்கு? போன்ல ஏறுதான்னு பாத்தாப் போதாதா? நோட்டுன்னு ஒண்ணு போட்டா அதுல பேரு, ஊரு, எப்படிப்பட்ட பொண்ணு வேணும்னு எழுதணும். என் போன்ல, என் வரன் லிஸ்டுல, நான் பாக்கட்டும்னு. நான்தான் நம்பர் இல்லாத நோட்டுன்னு படிக்காம அழிச்சுட்டேன். அவரு எதுக்கு நம்பர் எழுதல? வர்றவங்க எல்லாம் மொதல்ல நம்பரத்தான எழுதறாங்க.

எழுத வேண்டியதில்லீங்க அம்மிணி. அவரு நம்பர் எனக்கு மனப்பாடம்.

ஐயோ.

அந்த நோட்டா? இனிக் கெடைக்காதுங்க. அழிச்சது முப்பது நாளைக்குத்தான் குப்பையில இருக்கும், அப்பறம் அதுவே போயிரும், அவரே சொல்லிக் குடுத்தாரு. ஆடியில அழிச்சது, ஆவணியே முடியப் போவுது. என்ன எழுதியிருந்தாரோ தெரியலீங்க. எப்படிப்பட்ட பொண்ணு வேணும்னு என்ன எழுதியிருந்தாரோ. நான் என்னமோ, “தொணைக்கு ஒரு ஆளு வேண்டாமா”ன்னு அந்த மனுசங்கிட்டயே கேட்டிருக்கறேன். போகச் சொல்றீங்களான்னு கேட்டதுக்கு ஆமான்னு வேற சொல்லியிருக்கறேன். சட்டை எடுத்துக் குடுத்திருக்கறேன் அம்மிணி! அந்தத் தண்ணிப் பாட்டில இப்படிக் குடுங்க.

அழுவலீங்க. சிரிப்புத்தான். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு. நாலு ஊருக்கு ஜோடி சேத்து வெக்கறவளுக்கு, கீழ் கடையில இருக்கற ஒருத்தரு கண்ணுக்குத் தெரியல பாருங்க. நீங்க ஏறி உக்காந்து ஒரு மணி நேரம் ஆகல, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. கடலை குடுத்தப்பவே தெரிஞ்சுதா? அதுக்குத்தான் சிரிச்சீங்களா? சொல்றதுக்கென்ன அப்பவே?

கண்டக்டர் கத்தறாரு. அன்னூரு வந்துருச்சு. அவரு எந்திரிச்சு நிக்கறாரு, இங்கதான் பாக்கறாரு. இந்தா, போனும் அடிக்குது. ஆறுச்சாமிதான், ஸ்டாப்புல வந்து நிக்கறாருன்னு நெனைக்கறேன். இருங்க, பேசிப்போட்டு வந்தர்றேன்.

வணக்கமுங்க. ஆமாங்க, பஸ்லதானுங்க. இல்லீங்க, எறங்கல. அந்தப் போட்டோ வேற நோட்டோடதுங்க, மொதல்லயிருந்தே வேற நோட்டோடதுதான், நான்தான் தப்பா ஒட்டிட்டேன். போடுங்க. எல்லாக் குரூப்புலயும் போடுங்க. தில்லுமுல்லு மையம்னே போடுங்க, என் நம்பரையும் சேத்துப் போடுங்க. புள்ளைகிட்டச் சொல்லுங்க, அந்த ஸ்கூட்டரு இன்னும் ஓடுதான்னு கேட்டுச் சொல்றேன். வெச்சர்றனுங்க.

கண்டக்டர்! ஏனுங்க கண்டக்டர், எனக்கும் அந்த நீலச் சட்டைக்கும் காந்திபுரத்துக்கு ரெண்டு டிக்கெட்டு போடுங்க. ஆமா, அவருக்கும்தான். எறங்க வேண்டாம்னு சொல்லுங்க அவருகிட்ட. காந்திபுரத்துல என்ன வேலையா? எனக்கே தெரியாதுங்க, டிக்கெட்டப் போடுங்க மொதல்ல.

அம்மிணி, நீங்க ஒண்ணு தப்பா நெனைச்சுக்கக் கூடாது. இத்தனை நேரம் பொறுமையாக் கேட்டீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்சம் எந்திரிச்சு அந்த மூணாவது சீட்டுக்குப் போயி உக்காந்துக்குங்க. அவர இங்க வரச் சொல்லுங்க. நான் அழிச்சுப்போட்ட நோட்டுல என்ன எழுதியிருந்தாருன்னு அவரு வாயால சொல்லட்டும், காந்திபுரம் வர்ற வரைக்கும் நான் வாயே தொறக்கறதில்ல. இந்தாங்க உங்க பை, கடலையயும் எடுத்துக்குங்க. கம்பியப் புடிச்சுட்டுப் போங்க, வண்டி எடுத்துட்டான்.